பெகுவுக்குப் போகலாமா

‘வேண்டாம், போகாதீங்க’ என்று சொன்னதற்காக என்னை இதுவரை யாரும் திட்டியதில்லை. ‘போங்க’ என்று சொல்லி, போன இடத்தில் பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால்கூட என் தலைதான் உருளும். வேண்டாம் என்ற வார்த்தைக்கு அப்படி எந்தத் தண்டனையும் கிடையாது. இருபத்தேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இது எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆனதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் டிக்கெட் அலுவலகம் சிங்கப்பூர் ஜாலான் புசாரில், குழாயும் தாழ்ப்பாளும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படி செங்குத்து. கைப்பிடிச் சுவரில் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கை அழுக்கு மறுபடி ஒரு கோடாகப் படிந்துவிடும். இந்தக் காலத்தில் டிக்கெட் வாங்க யாரும் படியேற வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. அப்படியும் ஏறி வருகிறவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள்: “இப்பப் போகலாமாக்கா?”

எந்த நாடு என்று நான் கேட்க வேண்டியிருக்காது. அந்த வாரம் தொலைக்காட்சிச் செய்தியில் எந்த ஊரில் டயர் எரிந்ததோ அந்த ஊர்தான். அரசாங்க அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதில் ‘அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்கவும்’ என்று இருக்கும். அம்மாவைப் பார்க்கப் போவது அவசியமா இல்லையா என்று அதில் இருக்காது. அந்த இடைவெளியில்தான் என் பிழைப்பு.

எனக்கென்று சில வழிகள் வைத்திருந்தேன். விமான ஊழியர்கள் அந்த ஊரில் ராத் தங்குகிறார்களா, இல்லை ஆட்களை இறக்கிவிட்டு அதே விமானத்தில் திரும்பி ஓடிவந்துவிடுகிறார்களா என்று விசாரிப்பேன். பெரிய விமானத்தை எடுத்துவிட்டுச் சின்னதாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். தேக்கா சந்தையில் அந்த ஊர்ச் சரக்கு வந்திருக்கிறதா என்று காய் வாங்கும் சாக்கில் ஒரு நோட்டம் விடுவேன். கடைசியாக ஒன்று செய்வேன், அதுதான் என் பெருமை: போகிறவர் வீட்டுக்கே போன் போடச் சொல்லி, நானே பேசுவேன்.

அதற்கு ஒரு விதி இருந்தது. ‘வாங்க, இங்க ஒண்ணும் இல்ல’ என்பவர்களை நான் பாதிதான் நம்புவேன். விருந்தாளியிடம் நம் ஆட்கள் வேறென்ன சொல்வார்கள்? வீட்டுக் கூரை பறந்துகொண்டிருந்தாலும் காப்பி குடிக்க வாங்க என்றுதான் சொல்வார்கள். ஆனால் ‘வராதீங்க’ என்று ஒரு தமிழ் வாய் சொன்னால் அதை முழுசாக நம்புவேன். வராதே என்று சொல்ல நம்மவர்களுக்கு அவ்வளவு கூச்சம். அதையும் மீறிச் சொல்கிறார்கள் என்றால் நிலைமை அவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டேன்.

இந்தக் கணக்கு பல தடவை பலித்தது. கொழும்பில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற வருடம், யாழ்ப்பாணத்து வம்சாவளிப் பெரியவர் ஒருவர் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று மூன்று முறை படியேறினார். கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். நாளிதழ்த் துண்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் போட்டுக் கொண்டுவருவார். அவருடைய தங்கையிடம் பேசிவிட்டு, ‘கார்க்காரரிடம் திரும்பி வரவும் எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்க சார்’ என்றேன். போனார். பனங்கட்டியோடு வந்தார். “நீங்க சொன்னீங்க, போனேன், முழுசா வந்துட்டேன் லா” என்று நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். டாக்காவில் கலவரம் என்று போன் தொடர்பே அற்றுப்போன நேரத்தில், கட்டட வேலை மேற்பார்வையாளர் ஒருவரை எட்டு நாள் நிறுத்திவைத்தேன். ஒன்பதாம் நாள் அவரே வந்து, போயிருந்தால் ஊரடங்கில் மாட்டியிருப்பேன் என்று என் மேசையில் ஒரு பெட்டி இனிப்பு வைத்தார். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் வந்தது. எனக்கும் தலைக்கனம் வந்தது. மறைப்பானேன்?

அப்படிப்பட்ட நாளில்தான் அந்தப் பர்மாப் பெண் வந்தாள்.

அவளை எனக்கு முன்பே தெரியும். பெகு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ரங்கூனிலிருந்து ரோட்டில் இரண்டு மணி நேரம். கல்யாணமாகி இங்கே வந்து பூன் லேயில் குடியிருக்கிறாள். கணவருக்கு ஜூரோங்கில் தொழிற்சாலை வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். இவள் ஆங் மோ கியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போய்வருவாள். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு போகவில்லை. அவளிடம் இருந்தது இன்னமும் பர்மாக் கடவுச்சீட்டு.

அன்று இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள். தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அம்மாக்குக் கிட்னி போச்சுக்கா. கால்ல நீர் ஏறிடுச்சு. டாக்டர் நாள் சொல்ல மாட்டேங்கிறாரு. சொல்லாம இருந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா, நான் பாக்கிற வேலையே அதுதானே.”

“நீங்க போகணும்னு நினைக்கிறீங்களா?”

“போகணும்கா. ஆனா போனா திரும்பி வர விடுவானா? எங்க ஆளுங்கள ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சுடறான்னு சொல்றாங்க. பெரியவளுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ பரீட்சை. சின்னவ இன்னும் என் கைய புடிச்சாத்தான் தூங்குவா. நான் அங்க மாட்டிக்கிட்டா…” பை வாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கக்கா. நீங்க போகலாம்னா போறேன், வேணாம்னா வேணாம்.”

அவள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ‘உன் இஷ்டம்’ என்றாராம். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் ஆண்களுக்கு வேலை முடிந்தது. மிச்சத்தைச் சுமக்கத்தான் நான் ஒருத்தி மாடியில் உட்கார்ந்திருக்கிறேனே.

இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். போகாவிட்டால் அவள் அம்மாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாது. போனால் பிள்ளைகளிடம் திரும்பி வர முடியாமல் போகலாம். இந்தத் தராசை அவள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள், நானும் பெரிய மனுஷி மாதிரி அதைக் கையில் எடுத்தேன்.

என் வழக்கப்படி விசாரித்தேன். விமானம் பறந்துகொண்டிருந்தது, சின்னது. ஊழியர்கள் தங்குவதில்லை, அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். பெகு ரோட்டில் இரண்டு மூன்று இடங்களில் சோதனைச் சாவடி. பெகுவைத் தாண்டி எங்கோ ஒரு பாலத்தைத் தகர்த்திருந்தார்கள். அது அவள் ஊருக்கு வடக்கே வெகுதூரம், ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குப் பக்கத்தில்தான் தெரிந்தது. “அம்மாக்குப் போன் போடுங்க, நான் பேசறேன்” என்றேன்.

ஏழாவது முயற்சியில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசையின் நடுவில் வைத்தோம். ஒரு சேவல் கத்தியது கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு கேட்டது.

“அம்மா, நான் சிங்கப்பூர்ல டிக்கெட் போடறவ பேசறேன். உங்க மக வரணும்கிறாங்க. அங்க நெலம எப்படி இருக்கு?”

“ஐயோ, வேணாந் தாயி.” குரல் மெலிந்திருந்தாலும் வார்த்தை தெளிவாக இருந்தது. “இங்க ஒண்ணும் சரியில்ல. ரோட்டுல பட்டாளத்தான் நிக்கிறான். பிள்ளைய அனுப்பிராதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, கால் வீக்கம்தான், அது வத்திரும்.”

“சரிம்மா.”

“அவளுக்குப் பிள்ளைங்க இருக்கு, வேல இருக்கு. லீவு போட்டா அங்க திட்டுவாங்க. வரவேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“இங்கதாம்மா கேட்டுட்டு இருக்காங்க.”

சேவல் மறுபடி கத்தியது. பிறகு அந்த அம்மா, “ப்ளேனு எத்தன மணிக்கு எறங்கும் தாயி?” என்று கேட்டார்கள்.

“காலையில ஒன்பதரைக்கும்மா. உங்க ஊர் நேரம்.”

“அங்கேருந்து வீட்டுக்கு?”

“வெளிய வர ஒரு மணி நேரம், ரோட்டுல ரெண்டு ரெண்டரை மணி நேரம். ரோடு திறந்திருந்தா ஒரு மணிக்குள்ள வந்துடலாம்.”

“அப்பச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவா.” அதைச் சொல்லிவிட்டு உடனே, “வேணாந் தாயி, அனுப்பாதீங்க” என்று மறுபடி சொன்னார்கள். தொடர்பு அறுந்துவிட்டது.

நான் கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் மனசுக்குள் என் விதியைப் போட்டுப் பார்த்தேன். வராதே என்று ஒரு தமிழ் வாய் சொல்கிறது, அதுவும் இரண்டு முறை, அதுவும் ரோட்டில் ராணுவம் நிற்கிறது என்ற காரணத்தோடு. விடை பளிச்சென்று வந்தது.

“அம்மாவே சொல்லிட்டாங்க இல்ல. ஒரு ரெண்டு வாரம் பொறுங்க. நான் தினமும் பாக்கறேன். கொஞ்சம் அடங்கட்டும், நானே உங்களக் கூப்பிட்டு டிக்கெட் போட்டுத் தரேன்.”

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முடிவை வேறு ஒருவர் எடுத்துவிட்ட நிம்மதி. படியிறங்கும்போது, “தேங்ஸ்கா” என்றாள். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. அன்று மத்தியானம் பஃபலோ ரோட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும்: ‘இன்னிக்கு எப்படிக்கா?’ நான் விசாரித்து, ‘பொறுங்க’ என்று அனுப்புவேன். சில நாள் விசாரிக்காமலே அனுப்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் என்ன எழுத்து இது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பர்மாவுக்கு மருந்துப் பொட்டலங்களைக் கையோடு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வரும் ஆள் ஒருவர் மாடியேறி வந்தார். அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். பெகு ரோடு எப்படி என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு எடத்துல நிறுத்தினான். பையத் திறக்கச் சொன்னான், பாத்தான், விட்டுட்டான். பொம்பளைங்க பிள்ளைங்கல்லாம் போயிட்டு வந்துட்டுதான் இருக்கு.”

“ஏர்போர்ட்ல?”

“வரிசைதான் பெருசு.”

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு நல்லபடி முடிந்தால் எல்லாருக்கும் முடியுமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்ன சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பத்து நாள் பொறுங்க பொறுங்க என்றுவிட்டு, திடீரென்று கிளம்புங்க என்றால் முந்தைய பத்து நாளும் தப்பு என்றாகிவிடுமே. இரண்டு வாரம் என்று சொன்னது இரண்டு வாரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் செய்தி வரவில்லை. நானும் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். விடியற்காலையில் அம்மா போய்விட்டார்களாம். வெயில் காலம், அங்கே வைத்திருக்க வசதியில்லை, அன்றைக்கே எடுக்கிறார்களாம். பதினாறாம் நாள் காரியத்துக்காவது இவள் போக வேண்டும் என்கிறாள், டிக்கெட் போட முடியுமா என்று கேட்டார்.

போகலாமா என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. டிக்கெட் மட்டும் கேட்டாள். அதே சின்ன விமானம், அதே ஒன்பதரை மணி, அதே ரோடு, ரோட்டில் அதே ராணுவம். நான் டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு வருத்தம்தான் இருந்தது, என் சொல்லைப் பற்றிய பயம் இன்னும் வரவில்லை.

போனாள். பதினெட்டு நாள் இருந்தாள். திரும்பி வந்தாள். இரண்டு இடத்தில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னானாம், பார்த்தானாம், விட்டுவிட்டானாம்.

திரும்பி வந்து நான்காம் நாள் அலுவலகத்துக்கு வந்தாள். படியில் அவள் காலடி கேட்டதுமே நான் எழுந்து நின்றுவிட்டேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பர்மாப் பத்திரிகைத் தாளில் மடித்து, வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும், அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு வைப்பது.

“உங்களுக்குக்கா.”

“இந்த நேரத்துல எனக்கு எதுக்கும்மா வாங்கிட்டு வந்தீங்க?”

“நான் வாங்கல. அம்மா கட்டி வச்சது.”

எனக்குப் புரியவில்லை. அவள் அதை விளக்கினாள், குரல் உயராமல், இல்லத்தில் ஒரு முதியவரின் நிலைமையை அவர்கள் வீட்டாருக்கு விளக்குவது போல. அம்மாவுடன் கடைசிவரை இருந்த பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் சொன்னது இது.

அன்றைக்கு என்னோடு பேசி முடித்ததும் அம்மா அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கட்டிலை வாசல் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார்களாம். தலையை வாரிவிடச் சொன்னார்களாம். கடைக்கு ஆளனுப்பித் தேயிலையும் பயறும் வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே கட்டினார்களாம். ‘டிக்கெட் போட்டுக் குடுக்கிற தங்கச்சிக்கு, என் மக திரும்பிப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாது.’ மறுநாளிலிருந்து மத்தியானம் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்தால், இரு, இன்னொரு தட்டும் வை என்பார்களாம். ஒரு மணிவரை வாய் வைக்க மாட்டார்கள். ‘பொறு, ப்ளேனு எறங்கியிருக்கும். ரோட்டுல நிறுத்தியிருப்பான். பொறு.’ ஒன்றரை மணிக்குமேல் ஊட்டிவிட்டால் நாலு வாய். பன்னிரண்டு நாளும் அப்படியே நடந்திருக்கிறது.

“அம்மாதான் வராதேன்னு சொன்னாங்களே, ஏன் காத்திருந்தாங்கன்னு அந்த அக்காகிட்ட கேட்டேன்” என்றாள் அவள். “அவங்களும் அம்மாகிட்ட இதையே கேட்டிருக்காங்க. நீங்கதானே வரவேணாம்னு சொன்னீங்க, அவ எப்படி வருவான்னு. அதுக்கு அம்மா சிரிச்சாங்களாம். ‘வராதேன்னு சொல்லிட்டேன் இல்ல, இனி வந்துருவா’ன்னாங்களாம்.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள், அவள் தொழிலே அதுதானே.

“நீங்க சொன்னது சரிதான்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஏதாவது ஆகியிருந்தா?” என்றாள் கிளம்பும்போது. அவள் மனசார அப்படிச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவளும் அந்த அம்மாவின் மகள்தானே, வாயால் சொல்வதை நான் எப்படி நம்புவது? பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்றாள். தலையாட்டினேன். போகவில்லை.

எனக்குத் தெரியாமலா இருந்தது? அதுதான் என்னைத் தின்கிறது. என் உம்மா இங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் போன் போட்டு, ‘நீ வராதே, ஹஜ் நேரம், உனக்கு வேலை தலைக்குமேல இருக்கும், நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். அதை நான் ஒரு நிமிடமாவது நம்பினேனா? போனை வைத்த கையோடு டாக்ஸி பிடிப்பேன். வார்டுக்குள் நுழைந்தால், ‘எதுக்கு வந்தே’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம், ‘என் மக, சொன்னா கேக்கவே மாட்டா’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் வீடுகளில் வா என்று கூப்பிடத் தெரியாது. வராதே என்றுதான் கூப்பிடுவார்கள். இதைக் கைக்குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

இரண்டு நாடு தாண்டி, செய்தியில் வருகிற ஒரு ஊரிலிருந்து அதே பேச்சு வந்தபோது அது எனக்குத் தாயின் பேச்சாகக் கேட்கவில்லை, ரோட்டு நிலவரமாகக் கேட்டது. நோயாளியிடம் போய் ராணுவத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ப்ளேன் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நேரத்தைச் சொன்னதும் நான்தான், ஒரு மணிக்குள் வந்துவிடலாம் என்றதும் நான்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த அம்மா காத்திருந்தது நான் கொடுத்த நேரத்துக்கு.

அவள் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும், அப்போது யாருக்கும் தெரியாது. நாளைக்கே அப்படிப் போன வேறு ஒருத்தி மாட்டிக்கொண்டாள் என்று செய்தி வரலாம். அப்போது இதே நான், பார்த்தீர்களா என்று நிமிர்ந்து உட்காருவேனோ என்னவோ. அதை நினைத்தாலும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

இன்னமும் ஆட்கள் படியேறி வருகிறார்கள். போன வாரம் காத்மாண்டுவைப் பற்றிக் கேட்டு ஒரு சமையற்காரர் வந்தார், அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். விமானத்தைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், தெரிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுக்குப் போன் போடச் சொல்லவில்லை. போகலாமா என்று அவர் கேட்டபோது, “அத நீங்கதாண்ணே சொல்லணும்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இப்படிச் சொல்வதற்கா இந்த மாடியேறி வந்தோம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பொட்டலம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. கட்டைப் பிரிக்கவில்லை. தேயிலை எப்போதோ கெட்டிருக்கும். இழுப்பறையைத் திறந்தால் புளித்த வாடை வருகிறது. முதலாளி ஒருமுறை மூக்கைச் சுளித்து, “என்ன இது, தூக்கிப் போடுங்க லா” என்றார். போடுகிறேன் என்றேன்.

நான் மத்தியானச் சாப்பாட்டை எப்போதும் தாமதமாகத்தான் சாப்பிடுவேன், கூட்டம் குறைந்த பிறகு, இரண்டரை மணிக்கு. அது அவர்கள் ஊரில் ஒரு மணி. முன்பெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு டிக்கெட்டில் போடத்தான் பயன்படும். இப்போது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் கை நின்றுவிடுகிறது. படியில் யாராவது ஏறிவருகிறார்களா என்று கேட்டுவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் வைக்கிறேன்.